பழைய காமிரா: நாமே பிரிக்கலாமா, மெக்கானிக்கிடம் கொடுக்கலாமா?

பரண் மேலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினால், பழைய ரேஷன் கார்டு, வெண்கலச் செம்பு இவற்றோடு தோல் உறை போட்ட காமிரா ஒன்றும் கிடைக்கிறது. அப்பா மில்லில் வேலை பார்த்த நாளில் போனஸ் பணத்தில் வாங்கியது. மும்பைத் தமிழர் வீடுகள் பலவற்றில் இப்படி ஒன்று இருக்கும்.

பொத்தானை அழுத்தினால் அசையவில்லை. உடனே கை ஸ்க்ரூ டிரைவரைத் தேடும். அங்கேதான் நிதானம் வேண்டும்!

முதலில் மூடியைத் திறக்காதீர்கள்

உள்ளே பிலிம் இருக்கிறதா என்று பாருங்கள். அக்பா கிளிக் போன்ற காமிராவில், பின்புறச் சிவப்புத் துளையில் எண் தெரிந்தால் பிலிம் இருக்கிறது. 35 மில்லிமீட்டர் காமிராவில், பிலிமைத் திரும்பச் சுற்றும் குமிழை அம்புக்குறிப் பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். இறுக்கம் தெரிந்தால் பிலிம் உண்டு.

மூடியைத் திறந்தால் வெளிச்சம் பட்டுப் படங்கள் பாழ். பல ஆண்டு கிடந்த பிலிமைக் கழுவினாலும் சில சமயம் உருவம் தெரிவதுண்டு. அது இன்று உயிரோடு இல்லாத பாட்டியின் முகமாகவும் இருக்கலாம். காமிராவை அப்படியே லேபுக்குக் கொண்டுபோய், இருட்டறையில் எடுத்துத் தரச் சொல்வதே நல்லது.

வீட்டில் செய்யக்கூடியவை

பாட்டரி கசிந்து, வைக்கும் இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். குச்சி முனையில் பஞ்சு சுற்றி, வினிகரில் லேசாகத் தொட்டுத் துடைக்கலாம். பிறகு, எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலர விடவும்.

பின்மூடி ஓரத்தில் ஒட்டிய கறுப்பு நுரைப்பட்டை நாள்பட்டால் பிசினாகிவிடும். வெளிச்சம் உள்ளே புகும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, கறுப்பு வெல்வெட் துணியை மெல்லிசாக வெட்டி ஒட்டலாம். ஷட்டர் திரையில் மட்டும் விரல் படக் கூடாது.

தொடக் கூடாதவை

ஷட்டர் நகரவில்லை என்று தையல் மெஷின் எண்ணெய் விடுவோர் உண்டு. பெரும் தவறு! உள்ளே பழைய எண்ணெய் இறுகியதாலேயே பல ஷட்டர்கள் சிக்குகின்றன. புது எண்ணெய் மெல்லிய தகடுகளில் பரவி, அவற்றை இன்னும் ஒட்ட வைக்கும்.

பிளாஷ் உள்ள காமிராவைப் பிரிப்பது ஆபத்து. பாட்டரியை எடுத்த பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் சுமார் 300 வோல்ட் தங்கியிருக்கலாம். தொட்டால் பலமாக அடிக்கும்.

லென்ஸுக்குள் பூஞ்சை படிந்திருந்தாலும் கழற்ற வேண்டாம். திருகிக் கழற்றிய லென்ஸ் பழைய மரையில் உட்காராவிட்டால், பிறகு படம் ஒன்றும் தெளிவாக விழாது.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

கோட்டைப் பகுதியின் போரா பஜார் காமிராக் கடைகளுக்குப் பேர் போனது. ஆனால் பிலிம் காமிரா பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் இன்று குறைவு. என்ன பழுது, என்ன கூலி என்பதைப் பிரிக்கும் முன்பே கேளுங்கள். காமிரா எண்ணைக் குறித்துக்கொண்டு ரசீது வாங்குங்கள். நீங்களே ஏற்கெனவே பிரித்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அவருக்கு வேலை மிச்சம்; உங்களுக்குக் காசு மிச்சம்.

கூலி அதிகமானால்?

படம் எடுக்கவா, நினைவுக்கா என்று யோசியுங்கள். பிலிமுக்கும் கழுவவும் இன்று நல்ல செலவு. மாதச் சம்பளக்காரருக்கு அது சுமைதான். நினைவுக்கு என்றால் ரிப்பேரே வேண்டாம். துடைத்து, தோல் உறையிலிருந்து வெளியே எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் வையுங்கள். மும்பை மழைக்காலத்தில் ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சையை வளர்ப்பது அந்தத் தோல் உறைதான்.

ஸ்க்ரூவுக்கு வெளியே இருப்பது நம் வேலை. உள்ளே இருப்பது மெக்கானிக் வேலை. இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டால், அப்பா வாங்கிய காமிரா பேரன் கைக்கும் முழுசாகப் போய்ச் சேரும்.