கழுத்தில் துளைக்குப் பதிலாகக் காற்று

1980 ஜூன் மாதம். சிட்னியில் ஒரு நோயாளிக்கு டாக்டர்கள் சொன்ன வைத்தியம்: கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயில் ஒரு குழாயைச் செருகிவிடலாம். பகலில் அதை மூடிக்கொள்ளலாம், இரவில் திறந்துவிட்டால் போதும். இத்தனைக்கும் அவரிடம் வெளியே தெரிந்ததெல்லாம் குறட்டையும் பகல் தூக்கமும்தான். அதற்கா கழுத்தில் கத்தி என்று தோன்றும். ஆனால் அன்றைக்கு நிச்சயமாகப் பலன் தந்த சிகிச்சை அது ஒன்றே. அந்த மனிதருக்கு அதில் விருப்பமில்லை.

நம் வீடுகளில் குறட்டை விட்டால் ஆழ்ந்த தூக்கம் என்று கணக்கு. "கொடுத்து வைத்தவர்!" என்று பொறாமைகூடப் படுகிறோம். எல்லாக் குறட்டையும் நோயல்ல. சத்தமாக வந்துகொண்டிருந்த குறட்டை சட்டென்று நின்று, சில நொடி கழித்து ஒரு திணறலோடு மறுபடி தொடங்குகிறதா? அந்த இடைவெளிதான் ஆபத்து, அதுதான் தூக்கத்தில் வரும் மூச்சுத்தடை. விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் மூச்சுப் பாதையை விரித்துப் பிடிக்கின்றன, தூங்கியதும் தளர்கின்றன. பருத்த கழுத்து, பெரிய டான்சில், உள்வாங்கிய தாடை என்று ஏதோ ஒரு காரணத்தால் பாதை குறுகியவர்களுக்கு, நனைந்த காகித ஸ்ட்ராவை உறிஞ்சினாற்போல அது ஒட்டிக்கொள்கிறது. மார்பு ஏறி இறங்கும். காற்று மட்டும் உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் சரிந்ததும் மூளை உலுக்கி எழுப்பும். காலையில் கேட்டால் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. இப்படி மூச்சு அடைபடுவதும் குறைவதும் மணிக்கு 30 தடவைக்கு மேல் போனால் தீவிர நிலை என்பார்கள். அதாவது இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை, விடிய விடிய. மறுநாள் பைக் ஓட்டும்போது கண் சொக்காமல் என்ன செய்யும்?

சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் அப்போது நாய்களுக்கு முகமூடி மாட்டி, தூக்கத்தில் அவை மூச்சுவிடுவதை ஆராய்ந்துகொண்டிருந்தார். வாக்குவம் கிளீனர் மோட்டார் ஒன்றை எடுத்து, அதன் காற்றைக் குழாய் வழியே அந்த நோயாளியின் மூக்கில் செலுத்தினார். மருந்து இல்லை, கத்தி இல்லை. காற்றின் அழுத்தமே தொண்டைச் சுவர்களுக்கு முட்டுக்கொடுத்தது. 5 நோயாளிகளிடம் கண்ட பலனை 1981-ல் 'லான்செட்' இதழில் சல்லிவன் குழு எழுதியது. இன்று 'சிபாப்' என்று அழைக்கப்படும் கருவி பிறந்த கதை இது. அன்றைய முகமூடியை மூக்குக்கு அச்செடுத்துச் செய்து, இரவுதோறும் பசை போட்டு முகத்தில் ஒட்டவேண்டியிருந்தது. அப்படியும் மாட்டிக்கொண்டு படுத்தார்கள் என்றால் முந்தைய இரவுகள் எப்படி இருந்திருக்கும்!

அதே 1981-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டிலிருந்து ஷிரோ புஜிதா, உள்நாக்கையும் மென்மையான அண்ணத்தையும் திருத்தும் அறுவை சிகிச்சையைப் பற்றி எழுதினார். பலருக்குச் சத்தம் குறைந்தது. மூச்சுத்தடை எல்லோருக்கும் போகவில்லை. சத்தம் போய் நோய் மட்டும் தங்கினால், பக்கத்தில் படுப்பவருக்கு நிம்மதி, நோயாளிக்கு இல்லை. குழந்தைகள் விஷயம் வேறு: டான்சில், அடினாய்டு வீக்கத்தால் வரும் மூச்சுத்தடைக்கு அவற்றை எடுப்பதே வழக்கமான முதல் சிகிச்சை.

சிபாப் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டதா? மூச்சுத்தடையோடு இதயநோயோ பக்கவாதமோ வந்திருந்த 2,717 பேரைத் தொடர்ந்த ஓர் ஆய்வு 2016-ல் வெளிவந்தது. மறுபடி மாரடைப்போ பக்கவாதமோ வருவதைக் கருவி குறைக்கவில்லை. பகல் தூக்கம் குறைந்தது, மனநிலை தேறியது. கருவி பெற்றவர்கள் முகமூடி அணிந்தது சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம். பாதித் தூக்கத்துக்கு மட்டும் கொடுத்த மருந்தை வைத்து முழுத் தீர்ப்பு எழுத எனக்குத் தயக்கமாக இருக்கிறது. முகமூடியோடு தூங்கப் பழக்குவதற்கு டாக்டர்கள் செலவிடும் நேரம், அதை வாங்கச் சொல்வதற்கு ஆகும் நேரத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் மூச்சுத்தடை உள்ள 25 பேரை வைத்து ஒரு வேடிக்கையான ஆய்வு நடந்தது. அவர்களில் ஒரு பிரிவினர், தொண்டைத் தசைகளுக்குப் பயிற்சியாக, ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிட்ஜெரிடூ குழலை 4 மாதம் ஊதப் பழகினார்கள். பகல் தூக்கம் குறைந்தது. கூடப் படுப்பவர்களின் தொல்லையும் குறைந்தது. நம் நாகஸ்வரக்காரர்களின் தொண்டையை யாராவது சோதித்துப் பார்த்தால் தேவலை.

சந்தேகம் இருந்தால் ஈ.என்.டி. டாக்டரிடமோ நுரையீரல் டாக்டரிடமோ போகலாம். தூக்கப் பரிசோதனை எழுதிக் கொடுப்பார்கள். போகும்போது மனைவியையோ கணவரையோ அழைத்துப் போங்கள். தனியாகப் படுப்பவர் என்றால் ஓர் இரவு செல்போனில் பதிவு செய்யுங்கள். மூச்சு நின்றதா என்ற கேள்விக்குத் தூங்கியவரால் பதில் சொல்ல முடியாது.