பிழைக்க வந்த யானைகள்

பிழைப்புத் தேடித் தமிழ்நாட்டிலிருந்து சித்தூர் மாவட்டத்திற்கு வந்தவர்கள் நாம் மட்டுமல்ல. இங்குள்ள யானைகளும் அப்படி வந்தவைதான்!

ஏறக்குறைய 200 ஆண்டுகள் இந்தப் பகுதியில் யானை நடமாட்டமே இல்லை என்பார்கள். 1980களின் முற்பகுதியில் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் காடுகளிலிருந்து ஒரு சிறு கூட்டம் எல்லை தாண்டி, குப்பம், பலமனேர் காடுகளுக்குள் புகுந்தது. அங்கே காடு சுருங்கிவிட்டது. இங்கே மூங்கிலும் தண்ணீரும் இருந்தன. வந்தவை திரும்பிப் போகவில்லை. 1990ல் ஆந்திர அரசு சுமார் 357 சதுர கிலோமீட்டர் பரப்பில் கௌண்டின்யா வனவிலங்கு சரணாலயத்தை ஏற்படுத்தியது.

தகராறும் அன்றிலிருந்தே தொடர்கிறது.

இரண்டு கட்சிகள்

வளர்ந்த யானைக்கு ஒரு நாள் தீனி சுமார் 150 கிலோ. சரணாலயமோ நீண்டு ஒடுங்கிய காடு. காட்டை விட்டு இறங்கினால் நெல், கேழ்வரகு, கரும்பு, தக்காளி. கடன் வாங்கிப் பயிர் வைத்தவர் காலையில் எழுந்து பார்த்தால் கொல்லையில் மிதிபட்ட தாள்கள்தான் மிச்சம். இரவுக் காவலுக்குப் போய் உயிரை விட்டவர்களும் உண்டு. "மனிதன் பெரிதா, மிருகம் பெரிதா?" என்று குடியானவர்கள் கேட்பதில் தவறில்லை.

மறுபக்கம் வன இலாகாவும் வனவிலங்கு ஆர்வலர்களும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் யானை இருக்கிறது. அதைக் கொல்வது பெருங்குற்றம். ஆனாலும் வயலைச் சுற்றித் திருட்டு மின்சாரம் பாய்ச்சிய கம்பியில் பட்டு யானைகள் சாகின்றன. 2023 ஜூனில் பலமனேர் அருகே நெடுஞ்சாலையைக் கடந்த 3 யானைகள் வாகனம் மோதி மாண்டன. "அவை எங்கே போகும்?" என்பது இவர்கள் கேள்வி. அதிலும் நியாயம் இருக்கிறது.

தோற்றுப்போன வேலிகள்

அகழி வெட்டினார்கள். மழையில் கரை சரிந்தது. யானையும் மண்ணைக் காலால் தள்ளி இறங்கிப் பாதை போட்டது. சூரிய மின்வேலி போட்டார்கள். தந்தத்தில் மின்சாரம் பாயாது என்பதை யானை விரைவிலேயே கற்றுக்கொண்டது. மரத்தைச் சாய்த்து வேலியை மடக்கவும் தெரிந்துகொண்டது. ஆடு மாடு மேய்க்கப் போகிறவர்கள் அறுத்த கம்பிகளும் உண்டு. ஊர்க்காரர்கள் தம்முடையது என்று நினைக்காத வேலியை எந்த இலாகாவாலும் காப்பாற்ற முடியாது.

வால்பாறை காட்டும் வழி

கோவை மாவட்டம் வால்பாறையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கும் இதே தொல்லை இருந்தது. அங்கே ஆராய்ந்தவர்கள் ஓர் உண்மையைக் கண்டார்கள். யானையிடம் சிக்கி இறந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பக்கத்தில் யானை இருப்பதே தெரியாது. எனவே உள்ளூர் டி.வி.யில் அறிவிப்பு, செல்போனில் தமிழில் செய்தி, சாலையோரத்தில் சிவப்பு விளக்கு என்று ஏற்பாடு செய்தார்கள். விளக்கைப் போடுவது அந்தந்த ஊர்க்காரர்களே. உயிர்ச்சேதம் குறைந்தது. யானையை விரும்பாதவர்களும் விளக்கை விரும்பினார்கள்!

நம் மாவட்டத்திலும் இரு கட்சியினரும் மறுக்காத விஷயங்கள் சில உண்டு. ஆள் சாகக் கூடாது. காணிப்பாக்கம் விநாயகரைக் கும்பிடும் குடியானவருக்கு யானையைக் கொல்லும் ஆசையும் கிடையாது. கோடையில் காட்டுக்குள்ளேயே தண்ணீர் கிடைக்க வேண்டும். தாழத் தொங்கும் மின்கம்பிகளை உயர்த்த வேண்டும். பயிர் போனால் நஷ்டஈடு அடுத்த விதைப்புக்குள் கைக்கு வர வேண்டும். இவற்றிலிருந்து பேச்சைத் தொடங்கினால் சண்டைக்கு இடமில்லை.

2025 மே மாதம் கர்நாடக அரசு 4 கும்கி யானைகளை ஆந்திராவிடம் ஒப்படைத்தது. பலமனேர் அருகே முசலிமடுகில் அவற்றுக்கு முகாம். வழிதவறிய யானைகளைக் காட்டுக்குத் திருப்ப அவை உதவும். ஆனால் எந்த வயலில் எத்தனை மணிக்கு யானை இறங்கியது என்பதைக் கும்கி சொல்லாது. அதை ஊரார்தான் சொல்ல வேண்டும். சொன்னதும் ஓடி வர இலாகா தயாராக இருக்க வேண்டும்.

அறுவடைக்கு முன்பாகக் கிராமந்தோறும் வன இலாகா, மின்சார இலாகா, ரெவின்யூ அதிகாரிகள் குடியானவர்களோடு ஒரே இடத்தில் உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்வார்களா?