குஞ்சு பொரிக்கும் நேரத்தில் சாவது ஏன்? இன்குபேட்டரில் ஈரப்பதம் எவ்வளவு இருக்கணும்?

சூரமங்கலத்தில் வீட்டு இன்குபேட்டரில் நாட்டுக்கோழி முட்டை வைத்தாலும், நாமக்கல் ஹேச்சரியில் வைத்தாலும் கணக்கு ஒன்றுதான். முதல் 18 நாள் ஈரப்பதம் 50-55 சதவீதம். கடைசி 3 நாள் 65-70.

ஓட்டிலுள்ள நுண்துளைகள் வழியே நீர் ஆவியாகி, 18 நாளில் முட்டை எடை சுமார் 12 சதவீதம் குறையணும். ஈரம் கூடினால் காற்றறை சிறுத்து, குஞ்சு மூச்சுத்திணறும். சேலத்து ஏப்ரல் மாதிரி வறண்டால், சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும்.

மலிவான மீட்டரை மட்டும் நம்பாதீங்க, தராசு பொய் சொல்லாது. வைக்கும்போது 10 முட்டை 500 கிராம் என்றால், 7-வது நாளில் சுமார் 23 கிராம் குறைந்திருக்கணும். அதைவிட அதிகமா குறைஞ்சிருக்கா? தண்ணீர்த் தட்டை அகலமானதா மாத்துங்க, ஆழம் உதவாது. கடைசி 3 நாள் மூடியைத் திறக்கவே கூடாது.