குண்டு வகுத்த எல்லை

காடாம்புலியூரிலிருந்து பண்ணுருட்டி வழியாகக் கிழக்கு நோக்கிச் செல்வோர் கடலூரை அடைவர். அந்நகரை அடுத்த தேவனாம்பட்டினத்தில், கெடிலம் ஆறு கடலோடு கலக்கும் இடத்திற்கு அருகில், சிதைந்த மதில்கள் சில காணப்படுகின்றன. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் புனித டேவிட் கோட்டை எனப் பெயரிட்டு ஆண்ட கோட்டையின் எச்சம் அது.

செஞ்சியில் தங்கியிருந்த மராட்டிய மன்னர் இராசாராமின் ஆட்சியில், 1690ஆம் ஆண்டில் கம்பெனியார் இக்கோட்டையை விலைக்கு வாங்கினர். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்னும் வினா எழுந்தது. பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவுவரை உள்ள நிலம் அனைத்தும் சேரும் என்பது உடன்படிக்கை. கோலும் கயிறும் கொண்டு நிலம் அளந்த நாட்டில் பீரங்கியே அளவுகோலாயிற்று. வாங்கியவர் வணிகர் அல்லரோ! குண்டு இயன்றவரை தொலைவில் விழவேண்டும் என்பதில் அவர்கள் கருத்தாக இருந்தனர். பல திசைகளிலும் குண்டுகள் பாய்ந்தன. கடலூரும் சுற்றியிருந்த சிற்றூர்களும் அவ்வெல்லைக்குள் அடங்கின. ஏர் உழுதுகொண்டிருந்த குடியானவன் காலையில் ஓர் அரசின் குடியாகவும் மாலையில் ஒரு வணிகக் குழுவின் குடியாகவும் ஆனான். அவனுடைய இசைவை எவரும் கேட்டிலர். கடலூரை அடுத்த குண்டு உப்பலவாடி என்னும் ஊரின் பெயர் இந்நிகழ்ச்சியால் வந்தது என்பர்.

துணை ஆளுநர் ஒருவரும் அவருக்குத் துணையாக ஆலோசனைச் சபையும் கோட்டையை ஆண்டனர். சபையினர் அனைவரும் கம்பெனியின் ஊழியர்களே. துணி கொள்முதல் செய்வதும் வரி தண்டுவதும் வழக்குத் தீர்ப்பதும் அவர்களுடைய கடமைகள். அன்றாட முடிவுகள் ஏட்டில் எழுதப்பெற்றன. சென்னையிலிருந்த ஆளுநருக்கு அவர்கள் கீழ்ப்படிந்தவர்கள். சென்னையோ இலண்டன் இயக்குநர்களுக்குக் கீழ்ப்படிந்தது.

கோட்டையை வாங்கிய காலத்தில் சென்னை ஆளுநராயிருந்த எலிகு யேல், அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் நாட்டுப் பாஸ்டன் நகரில் பிறந்தவர். அந்நாடும் ஆங்கிலேயரின் குடியேற்றமே. 1691ஆம் ஆண்டுச் சாசனத்திற்குப் பின் அதன் ஆளுநரை மன்னரே அமர்த்தினார். ஆயினும் வரி விதிக்க மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தின் இசைவு வேண்டும். ஆளுநரின் ஊதியத்தையும் அம்மன்றமே ஒதுக்கியது. அதனால் ஓயாத பூசல் உண்டு. வாக்குரிமை சொத்துடைய ஆடவர்க்கே இருந்தது என்பதையும் மறத்தலாகாது. தேவனாம்பட்டினத்திலோ அத்தகைய மன்றமும் இல்லை.

எனினும் பூசல் இங்கும் எழுந்தது, ஆள்வோர்க்குள்ளேயே எழுந்தது. 1713ஆம் ஆண்டில் துணை ஆளுநர் இராபர்ட் ராவொர்த், சென்னை ஆளுநர் எட்வர்டு ஹாரிசனின் ஆணையை ஏற்க மறுத்துக் கோட்டைக்குள் இருந்து எதிர்த்து நின்றார். அவரை அடக்கச் சென்னையிலிருந்து படை வந்தது. இறுதியில் ராவொர்த் பணிந்து புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சுக்காரரிடம் சென்றார்.

1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றவே, இக்கோட்டை 1752வரை கம்பெனியின் தென்னாட்டுத் தலைமையிடமாயிற்று. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி இதனைப் பிடித்து இடித்தார்.

குண்டு எட்டாத காடாம்புலியூர் முதலிய உள்நாட்டு ஊர்கள் பிற்காலத்தில் ஆர்க்காட்டு நவாபின் நாட்டில் இருந்தன. 1801ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கருநாடகம் முழுவதும் கம்பெனியார் கைக்கு வந்தபோது, எல்லை காணப் பீரங்கி எதனையும் சுடவேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை.