கோழி எச்சக் கழிவைப் பதப்படுத்துவதில் பாக்டீரியாக்களின் பங்கு

நாமக்கல் மாவட்ட முட்டைக்கோழிப் பண்ணைகளில் நாள்தோறும் குவியும் எச்சம் சிறந்த உரமாகும். முறையாகப் பதப்படுத்தப்படாதபோது அதுவே காற்றையும் நிலத்தடி நீரையும் மாசுபடுத்தவல்லது. கோழிகள் சிறுநீரைத் தனியே கழிப்பதில்லை. எனவே, அவற்றின் எச்சத்தில் யூரிக் அமிலம் மிகுந்துள்ளது. பாக்டீரியாக்கள் அதனை யூரியாவாகவும், பின்னர் அம்மோனியாவாகவும் சிதைக்கின்றன.

எரிவாயுக் கலனில் இம்மாற்றமே இடர்ப்பாடாகிறது. காற்றில்லாச் செரிமானம் நீராற்பகுப்பு, அமிலமாக்கம், அசிட்டிக் அமிலமாக்கம், மீத்தேனாக்கம் என நான்கு படிநிலைகளில் நிகழ்கிறது. முதல் மூன்றையும் பாக்டீரியாக்கள் நிகழ்த்துகின்றன. இறுதிநிலையை நிகழ்த்துபவை பாக்டீரியாக்களின் வேறான ஆர்க்கியா எனும் நுண்ணுயிர்கள். அம்மோனியா மிகுந்தால் இவை நலிவடைகின்றன. அந்நிலையில், பாக்டீரியாக்கள் தோற்றுவித்த அமிலங்கள் மீத்தேனாக மாறாமல் தேங்குகின்றன. வாயு உற்பத்தி குன்றுகிறது.

ஆகவே, வைக்கோல், மக்காச்சோளத் தட்டை போன்ற கரிமம் மிகுந்த பொருள்களை எச்சத்துடன் கலந்து, கரிம–நைட்ரஜன் விகிதத்தை 20:1 முதல் 30:1 வரையில் அமைத்தல் வேண்டும். இவ்வாறு சமநிலை பேணப்படின் எரிவாயு தடையின்றிக் கிடைக்கும். நைட்ரஜனின் பெரும்பகுதி கசடிலேயே தங்குவதால், அக்கசடு வயலுக்குத் தழைச்சத்து உரமாகவும் பயன்படும்.