கணக்கில் வராத குற்றமும் குற்றவியல் முதுகலையும்

இளங்கலை முடித்துவிட்டு அடுத்து என்ன படிக்கலாம் என்று தேடுபவர்களில் சிலர், க்ரைம் தொடர்கள் கிளப்பிவிட்ட ஆர்வத்தில் எம்.ஏ. குற்றவியல் பக்கம் வருகிறார்கள். கைரேகை, ரத்தக்கறை, நுண்ணோக்கி என்று எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். அவையெல்லாம் தடய அறிவியல். யுஜிசி நெட் தேர்விலேகூட இரண்டும் தனித்தனிப் பாடங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது. அதனால் வாய்ப்பு கூடுவது ஆய்வகத்தில் பயின்றவர்களுக்கு. காக்கிச்சட்டைதான் லட்சியம் என்றால், உதவி ஆய்வாளர் தேர்வு எழுத ஏதாவது ஒரு பட்டம் போதும். பிறகு இந்தப் படிப்பு எதற்கு? குற்றத்தைப் பதிவு செய்து, எண்ணி, தண்டிக்கும் நம் அமைப்பு தன் வேலையைத் தானே சரிபார்த்துக்கொள்வது அபூர்வம். அதைச் சரிபார்க்கத் தெரிந்தவர்களை உருவாக்குவதுதான் இந்தப் படிப்பின் உண்மையான பயன் என்பது என் கட்சி.

எண்ணிக்கையிலிருந்தே தொடங்கலாம். ‘இந்தியாவில் குற்றங்கள்’ என்ற ஆண்டறிக்கை 1953 முதல் வருகிறது. 1986இல் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் அமைந்த பின் அதன் பொறுப்பில் வெளியாகிறது. அறிக்கை வந்த மறுநாள், எந்த மாநிலம் முதலிடம் என்று தலைப்புச் செய்தி வரும், சட்டமன்றத்தில் சண்டை நடக்கும். அந்த எண் எப்படி உருவாகிறது என்று கேட்பவர் குறைவு. ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால், அவற்றில் மிகக் கொடியது மட்டுமே கணக்கில் ஏறும். வீடு புகுந்து திருடி, தடுத்தவரைக் கொன்றும் போட்டால் பட்டியலில் ஒரு கொலை கூடும். திருட்டு காணாமல் போகும். காவல் நிலையத்தில் புகாரை வாங்காமல் திருப்பி அனுப்பியிருந்தால் அந்தக் குற்றம் பட்டியலிலேயே இல்லை. பதிவாகும் வழக்கு கூடுவதும் குற்றம் கூடுவதும் வேறு வேறு என்று அந்த அறிக்கையே எச்சரிக்கிறது. கேரளம் பல ஆண்டுகள் குற்ற விகிதத்தில் முன்வரிசையில் நின்றதற்கு, அங்கே புகார் கொடுக்கத் தயங்காத மக்களும் பதிவு செய்யும் காவல்துறையும் ஒரு காரணம் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. அமெரிக்காவில் 1973 முதலும் பிரிட்டனில் 1982 முதலும் வீடு வீடாகப் போய், ‘உங்களுக்கு ஏதாவது குற்றம் நேர்ந்ததா, புகார் கொடுத்தீர்களா’ என்று கேட்டுக் கணக்கெடுக்கிறார்கள். நாடு முழுக்க அப்படியொரு தொடர் கணக்கெடுப்பு நம்மிடம் இல்லை. அதைத் திட்டமிடவும், மாதிரி எடுக்கவும், வந்த விடையை வாசிக்கவும் பயிற்சி தரும் இடம் குற்றவியல் துறை.

சிறைக்குள் நிலைமை இன்னும் வெளிப்படை. 2022 இறுதியில் நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். நான்கில் மூவர்! புதிய நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவுப்படி, இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவர், தன்மீது சாட்டப்பட்ட குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் காவலிலேயே கழித்துவிட்டால் பிணைப்பத்திரத்தில் விடுவிக்க வேண்டும். மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கு இது கிடையாது. மூன்றாண்டு வரை தண்டனை உள்ள திருட்டு என்றால் ஓராண்டு. காலம் முடிந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியவர் சிறைக் கண்காணிப்பாளர். ஆனால் யாராவது காவலில் வைத்த தேதியைப் பார்த்து, பிரிவுக்குரிய தண்டனையைப் பார்த்து, நாளைக் கணக்கிட்டால்தானே அவர் எழுத முடியும்? அதே பிரிவின் இன்னொரு உட்பிரிவு, ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை இல்லை என்கிறது. ஒரே ஆள்மீது சின்னச் சின்ன வழக்குகள் குவிவது வழக்கமான நாட்டில் அந்த ஒரு வரி எத்தனை பேரை உள்ளேயே நிறுத்துகிறது? முதுகலை ஆய்வேட்டுக்கு இதைவிட நல்ல கேள்வி வேண்டுமா?

இதெல்லாம் வக்கீல் செய்யும் வேலைதானே என்பார்கள். வக்கீல் ஒரு கட்சிக்காரருக்காக ஒரு வழக்கைப் பார்க்கிறார். குற்றவியல் ஆயிரம் வழக்கில் திரும்பத் திரும்ப வருவது என்ன என்று பார்க்கிறது. சிறார் வழக்குகளில் வேறுபாடு நன்றாகத் தெரியும். இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்படும் சிறுவனைப் பற்றி நன்னடத்தை அலுவலரிடமோ சமூகப் பணியாளரிடமோ 15 நாளில் சமூக விசாரணை அறிக்கை கேட்க 2015ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. வீட்டில் யார் யார், பள்ளியை ஏன் விட்டான், யாரோடு சுற்றினான், எங்கே வேலை பார்த்தான் என்று அதற்கான படிவம் கேட்கிறது. ‘தீய நட்பு’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் குழுமத்துக்கு முடிவெடுக்க ஒன்றும் இருக்காது. தெருவுக்குப் போய் விசாரித்து, சொன்னதையும் பார்த்ததையும் பிரித்து எழுதத் தெரிந்தவரின் அறிக்கை அந்தச் சிறுவன் வீடு திரும்புவதா, இல்லத்துக்குப் போவதா என்பதையே மாற்றிவிடக்கூடும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: இந்தத் துறையின் கைகளே சுத்தமில்லை. 1876இல் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ, மண்டையோட்டையும் தாடையையும் அளந்து, பிறவிக் குற்றவாளி என்று ஒரு வகையே உண்டு என்றார். இங்கே ஆங்கில அரசு அந்த விஞ்ஞானத்துக்குக் காத்திருக்கவில்லை. 1871லேயே குற்றப் பழங்குடியினர் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. நம் பக்கத்தில் அதற்கு ரேகைச் சட்டம் என்று பெயர். உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் கைரேகை பதிய மறுத்துத் திரண்டவர்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டுப் பலரைக் கொன்றது. ஒரு சாதியையே குற்றவாளி என்று எழுதி வைத்த கோப்புகளும் ஒருவகைக் குற்றவியல்தான். ஆட்சேபத்தை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லொம்ப்ரோசோவை வீழ்த்தியதும் அளவைதான். ஆங்கிலேயச் சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங், ஆயிரக்கணக்கான கைதிகளை மற்றவர்களோடு ஒப்பிட்டு, அப்படித் தனி உடலமைப்பு இல்லை என்று 1913இல் வெளியிட்டார். எந்தப் பகுதியில் குற்றம் நடக்கும், யார் செய்வார் என்று முன்கூட்டிச் சொல்வதாகக் கணினி மென்பொருள்கள் விற்கப்படும் இந்தக் காலத்தில், பழைய கைது ஆவணங்களையே அவற்றுக்கு ஊட்டினால் பழைய ஓரவஞ்சனைதான் திரும்ப வரும். அதைக் கண்டுபிடிக்க இந்த வரலாறு படித்த ஆள் தேவை.

வேலை? இந்தப் பட்டம் மட்டுமே திறக்கும் அரசுக் கதவுகள் குறைவு, மறைப்பதில் பயனில்லை. சமூகப் பாதுகாப்புத் துறை, சிறைத்துறை, தொண்டு நிறுவனங்கள், ஆசிரியப் பணி என்று போகலாம். பல இடங்களில் சமூகப்பணி, உளவியல் படித்தவர்களோடு போட்டி போட வேண்டும். அவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது புள்ளியியலும் களப்பயிற்சியும்தான். சாகரில் 1959இல் தொடங்கிய துறை முதல் சென்னைப் பல்கலைக்கழகம், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வரை எங்கே விண்ணப்பித்தாலும், பாடத்திட்டத்தில் இவ்விரண்டுக்கும் எத்தனை தாள் என்று முதலில் பாருங்கள். சிறைக்குள் மாணவர் நுழையச் சிறைத்துறையின் அனுமதி வேண்டும். போன ஆண்டு மாணவர்களுக்கு அது கிடைத்ததா, எத்தனை நாளுக்குக் கிடைத்தது என்று சீனியர்களைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.