சூதாடாத கை

திருகோணமலைக்கு வடக்கே, குச்சவெளிப் பிரதேசத்தில், கடலுக்கும் வயலுக்கும் அண்மையில் அமைந்தது திரியாய்க் கிராமம். இத்தகைய ஊர்களில் ஓய்வுநேரத்தில் நால்வர் கூடினால், முந்நூற்றிநான்கு என்னும் கடதாசி விளையாட்டு நம் மக்களுக்குப் பழக்கமானது. சீட்டுக்கள் 32, ஓரினத்தின் பெறுமதி 76, நான்கு இனங்களுக்கும் சேர்த்து 304. சீட்டுப் பகிரும் முறை மாறி மாறி எல்லோருக்கும் வரும். பகிர்பவரும் ஆடுபவரே, வெற்றி தோல்வி அவருக்கும் உண்டு.

கொழும்பிலுள்ள கசினோ எனப்படும் சூதாட்ட விடுதிகளிலும் ஒருவர் சீட்டுப் பகிர்கின்றார். ஆனால் அவர் ஆடுவதில்லை. பகிர்தல் அவருடைய தொழில். அவரை டீலர் என்பர். இலங்கையில் கசினோத் தொழிலை ஒழுங்குபடுத்த 2010ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2025இல் கசினோவுடன் கூடிய பெரியதொரு உல்லாச விடுதி கொழும்பிலே திறக்கப்பட்டது. சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கான சட்டமும் அவ்வாண்டே நிறைவேறியது. தொழில் தேடிப் பிள்ளைகள் தலைநகர் செல்லும் காலம் இது. ஆகவே, இவ்வேலை எத்தகையது என்பதைத் திரியாயிலுள்ள பெற்றோரும் அறிந்திருத்தல் நன்று.

டீலரின் முதற் கடமை, தம் கைகள் எப்போதும் பிறர் கண்ணுக்குத் தெரியும்படி நடந்துகொள்ளுதல். பல விடுதிகளில் அவருடைய உடையிற் பைகள் இரா. இருப்பின் அவை மூடப்பட்டிருக்கும். ஆட்டக்காரர் கையிலிருந்து அவர் பணத்தை நேரே வாங்குவதில்லை. மேசைமீது வைத்த நோட்டுக்களைப் பரப்பி எண்ணி, அவற்றுக்கு ஈடான சில்லுகளைக் கொடுப்பார். மேசையை விட்டு நீங்கும்போது இரு கைகளையும் விரித்து, உள்ளங்கையும் புறங்கையும் காட்டுவார். மேலே கமராக்கள், பின்னே மேற்பார்வையாளர். வயலில் உழைப்பவனைக்கூட எவரும் இவ்வளவு உற்றுநோக்குவதில்லை.

இனி, அவருக்குரிய சுதந்திரம் எவ்வளவு? இருபத்தொன்று என்ற சீட்டாட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆட்டக்காரர் மேலும் ஒரு சீட்டு எடுக்கலாம்; எடுக்காமலும் விடலாம். டீலரோ, தம் கூட்டுத்தொகை 16 அல்லது அதற்குக் குறைவாயின் எடுத்தேயாக வேண்டும். பொதுவாக 17ஐ அடைந்ததும் நின்றுவிட வேண்டும். அவர் மதியூகத்துக்கு அங்கே இடமில்லை.

அவ்வாறாயின் விடுதிக்கு இலாபம் எங்ஙனம் வருகின்றது? ரூலெட் என்னும் சுழற்சக்கரம் இதை விளக்கும். ஒற்றைப் பூச்சியமுள்ள சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 குழிகள் உள்ளன. ஒவ்வோர் எண்ணின்மீதும் 100 ரூபாய் வைத்தால் மொத்தம் 3700 ரூபாய். உருண்டோடும் பந்து ஓர் எண்ணில் விழும். அவ்வெண்ணுக்குப் பந்தயப் பணமும் அதன் 35 மடங்கும் கிடைக்கும். அதாவது 3600 ரூபாய். எஞ்சிய 100 ரூபாய் விடுதிக்கு. ஒரு சுற்றில் ஒருவர் பெருந்தொகை வெல்லலாம். ஆயிரமாயிரம் சுற்றுக்களில் இக்கணக்குப் பிழைப்பதில்லை. ஏமாற்று வேண்டியதில்லை. ஆட்டத்தின் விதியிலேயே இலாபம் அடங்கியுள்ளது.

இங்கேதான் இத்தொழிலின் சுமை தெரிகின்றது. வேலையின் பெரும்பகுதி இரவில். இழந்தவர் சினம் விதியின்மேற் பாயாது. எதிரே நிற்பவர்மேற் பாயும். டீலரோ முகம் மாறாமல் நிற்க வேண்டும். நாள்தோறும் கண்முன் குவியும் பணத்தைக் கண்டு, தாமும் ஒருநாள் ஆடி வெல்லலாம் என்னும் ஆசை எழுந்தால், உழைத்த ஊதியமும் மேசைக்கே திரும்பிவிடும்.

திருவள்ளுவர் பொருட்பாலின் 94ஆம் அதிகாரத்தைச் சூதின் கேட்டுக்கே ஒதுக்கினார். இன்று நாம் சங்கம் என்ற பொருளில் வழங்கும் கழகம் என்ற சொல், அவ்வதிகாரத்திற் சூதாடும் இடத்தைக் குறிக்கின்றது. கழகத்திற் காலத்தைப் போக்குதல் வேறு. அங்கே கூலிக்குக் கடமை செய்தல் வேறு. பின்னதைச் செய்பவரைச் சூதாடியென்று ஊர் இகழ்தல் முறையன்று. ஆயினும், மகனோ மகளோ அவ்வேலைக்குப் புறப்படுமுன், அந்த 3700க்கும் 3600க்கும் உள்ள வேறுபாட்டைப் பெற்றோர் உடனிருந்து ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்கட்டும். அந்த 100 ரூபாயை உணர்ந்த பிள்ளை மேசையின் பின்னே நிற்கலாம். அதன் முன்னே ஒருநாளும் அமராது.